பத்து வயதுக்கு மேல்

“பையனுக்கு எத்தனை வயசு?” என்றது போனின் மறுமுனை.

“பதிமூணு” என்றாள் பெண்கள் உதவி மையத்தின் ஆலோசகர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பத்து வயசுக்கு மேல ஆம்பளைப் பிள்ளைங்களைச் சேர்க்கிறதில்லைம்மா. அம்மாவை மட்டும்னா இப்பவே அனுப்புங்க.”

காலையிலிருந்து இது ஆறாவது காப்பகம். ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்கள். இந்த விதியை எழுதிய புண்ணியவான் வீட்டில் பிள்ளைகள் பத்து வயதோடு வளர்வதை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது.

எதிரே அந்தத் தாய் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையன், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கால்களை இறுக்கிக்கொண்டு நெளிந்தான்.

“தம்பி, ஆம்பளைங்க பாத்ரூம் வெளியே வலது பக்கம். போயிட்டு வாயேன்” என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டான்.

“வீட்டுக்குத் திரும்பிப் போனா என்னம்மா ஆகும்?” என்று ஆலோசகர் தாயிடம் கேட்டாள்.

“போன மாசம் என் பெரிய பொண்ணை அந்த மனுஷன் வித்துட்டாரு மேடம். ஒரு பொம்பளை வந்தா. விடுதியில சேர்த்துப் படிக்க வைக்கிறேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா. அவளும் கழுத்துல உங்களை மாதிரியேதான் அட்டை மாட்டியிருந்தா. எங்கேன்னு கேட்டதுக்குத்தான் இந்த அடி.”

ஆலோசகர் தன் பட்டியலைப் புரட்டினாள். “சிறுவர் இல்லத்துல ஒரு இடம் இருக்கு. தம்பி அங்கே இருக்கட்டும், நீங்க இங்கே ஒரு காப்பகத்துல. ஒரு வாரம்தான்.”

“ஐயோ, பசங்க இருக்கிற இடமா? வேண்டவே வேண்டாம்!” தாய் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள்.

ஏழாவது காப்பகத்துக்கு ஆலோசகர் துணிந்து ஒரு பொய் சொன்னாள். “ஒன்பது வயசுதாங்க.”

“அப்ப சரி. பிறப்புச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.”

தாய் மடியிலிருந்த பையை இறுகப் பற்றினாள். “அதெல்லாம் எங்கேயோ போயிடுச்சு மேடம்.”

அதுவும் போயிற்று. அதற்கப்புறம் கூப்பிட எண்ணே இல்லை. மணி ஐந்து ஆனதும் காவலாளி வந்து வாசலில் சாவியை ஆட்டிக் காட்டினார்.

தாய் எழுந்தாள். “விடுங்க மேடம், நாங்க வீட்டுக்கே போறோம்.”

அப்படிப் போகிறவர்களுக்கென்றே ஒரு படிவம் இருந்தது. ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் வீடு திரும்புகிறேன்.’ யாருடைய விருப்பமோ! அதை நீட்டும்போது ஆலோசகருக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரிஞ்ச எல்லாக் கதவையும் தட்டிட்டேன்.” மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள்.

தாயின் கை பேனாவோடு நின்றது. காலையிலிருந்து வாய் திறக்காத பிள்ளை, அவள் புடவையைப் பிடித்து இழுத்தது.

“அம்மா, இவங்க அழுறாங்கம்மா. நான் பொண்ணுன்னு சொல்லிடட்டுமா?”