துணைக்குக் கொடுத்த ரத்தம்

"நீங்க வாயைத் திறக்காதீங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

கணவரை அடக்கிவிட்டு நோட்டைத் திறந்தாள் அவள். முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் நோயாளிக்கு எழுதுவது போலவே தேதி, நேரம் போட்டுக் கணவரின் மறதியை எழுதி வைத்திருந்தாள்.

"செவ்வாய், காலை எட்டு மணி. அடுப்பை அணைக்காம விட்டுட்டார். கேட்டா முழிக்கிறார்."

"ஆமாம் டாக்டர், திருதிருன்னு முழிச்சேன்" என்றார் அவர்.

"வியாழன், சாயங்காலம். பேத்தி பிறந்தநாளை மறந்துட்டார். எனக்காவது ஞாபகப்படுத்தியிருக்கலாம், இல்லையா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எப்படி இருக்கீங்க சிஸ்டர்?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இவர் கவலையில காலையில எழுந்திருக்கவே மனசு வரலை. யாராவது பேச வந்தாலும் பிடிக்கலை. அவ்வளவுதான். அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இவருக்குக் குளிரும்."

கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் நோட்டை மூடினாள். "பயமா இருக்கு டாக்டர். ஒருநாள் என்னையே பார்த்து, நீ யாருன்னு கேட்டுட்டார்னா?"

"முதல்ல ரத்தப் பரிசோதனை செஞ்சு பார்த்துடலாம்."

"ஊசியா? இவளும் கொடுத்தாத்தான் நான் கொடுப்பேன்!" என்று கணவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கே கதை! ஊருக்கே ஊசி போட்டவளோட புருஷன், பேச்சைப் பாரு!" திட்டிக்கொண்டே, துணைக்கு அவளும் கையை நீட்டினாள்.

நான்கு நாள் கழித்து டாக்டர் அவளை மட்டும் உள்ளே அழைத்தார்.

"காரணம் கிடைச்சுடுச்சு சிஸ்டர். தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. மறதி, மனச்சோர்வு, குளிர் எல்லாம் அதனாலதான்னு நினைக்கிறேன். வயசானா இப்படித்தான்னு விட்டுடாம வந்தீங்களே, அதுவே பெரிசு. மாத்திரை எடுத்தா கொஞ்சம் கொஞ்சமா மாறும்."

"வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேளை தவறாம நானே கொடுத்துடறேன். இவரை நம்பினா முழுங்கின மாதிரிதான்."

"கொடுக்க வேண்டியவர் அவர் சிஸ்டர். சாப்பிட வேண்டியவங்க நீங்க."

அவள் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மேலே அவள் பெயர் இருந்தது.

"அப்ப... அவரோட மறதி?"

டாக்டர் சிரித்தார். "போன மாசமே தனியா வந்து சொல்லிட்டுப் போனார். 'தனக்கு ஒண்ணுன்னா அவ எந்த டாக்டரையும் பார்க்க மாட்டா. எனக்குன்னா ஓடி வருவா. அதான், அவ மறக்கறதையெல்லாம் நான் மறந்ததா ஒத்துக்கிட்டே இருக்கேன்'னு."