கூண்டு மீன்

கூண்டுல கைவெச்ச ஆளைப் பிடிக்காம நிம்றா அண்டைக்கு வீடு போறதா இல்ல.

பிடிவாதம் எண்டா அப்படி ஒரு பிடிவாதம். சின்னதில ஒரு சப்பாத்து தொலைஞ்சு போக, “என்ட சப்பாத்துதான் வேணும்” எண்டு மத்த ஒத்தையோடயே ஸ்கூல் போனவள். வாப்பா கெஞ்சி, உம்மா அடிச்சு... சரி, அது பெரிய கதை.

இப்ப அவள் கெம்பஸ்ல ஆராய்ச்சி செய்றாள். கொழும்பு கிராண்ட்பாஸ் கால்வாய்க்குள்ள கம்பிக் கூண்டு போட்டு, நல்ல தண்ணில வளந்த திலாப்பியாக்கள விட்டிருக்கிறாள். கரையில இருக்கிற ஃபெக்டரி விடுற கெமிக்கல் மீனுட உடம்புல எவ்வளவு ஏறுது எண்டு பாக்க, ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு மீன எடுத்துப் போவாள்.

முதல்ல ஏறிச்சு. பிறகு பாத்தா, இறங்குது!

ஃபெக்டரி மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு. “தண்ணி சுத்தம்தானே மிஸ்?”

இன்னொருக்கா இப்படி வந்தா ஃபெக்டரிட கழிவுக் குழாயை மூட வைக்கேலாது. அதான் இந்தத் திங்கள் மீன எடுத்த பிறகும் போகாம தேத்தண்ணிக் கடைக்குள்ள பதுங்கினாள். அந்தக் கடைக்காரன் பிளேன்டீக்குச் சீனி போட்டாலும் கலக்க மாட்டான், கஞ்சன்.

அந்நேரம் பாத்து, கால்வாய்க் கரையில கடைசி வீட்டு மயிலம்மா வந்து, கூண்டத் தொறந்து, மீன்கள வாளில அள்ளிக்கொண்டு போறா!

நிம்றா பின்னாலயே ஓடினாள். வாசல்ல ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல், நிறையப் பைப் தண்ணி. அதுக்குள்ள மீன்கள் ஜம்மெண்டு நீந்துது.

“ஃபெக்டரிக்காரன்தானே செய்யச் சொன்ன?”

“அவன் மூஞ்சியில முழிப்பனா மிஸ்? மீனுங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சுங்க. பாக்கச் சகிக்கல. இதுல விட்டா தெளிஞ்சிருதுங்க. நீங்க வர்ற அன்னிக்கு விடியக்காலம் திரும்பக் கூண்டுல விட்டுருவேன்.”

நிம்றா தலையில கைவெச்சாள்.

“நல்ல தண்ணில விட்டா ஏறின நஞ்சு கழிஞ்சு போயிடுமே! ஒங்கட எரக்கத்தால அவன் நல்லவனாப் போயிட்டான். மீன் அந்தத் தண்ணிலயேதான் ஈக்கோணும். அப்பதான் அது எவ்வளவு மோசம் எண்டு காட்டேலும்.”

 மயிலம்மா கால்வாய்ப் பக்கம் திரும்பி, “ஏய் துஷாந்தினி!” எண்டு சத்தம் போட்டா.

தண்ணில விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைஞ்சபடி அவட மகள் கரை ஏறி வந்தாள். மயிலம்மா பிள்ளைட கையப் பிடிச்சு நிம்றாவுக்கு முன்னால நிறுத்தினா.

“அதக் காட்டத்தானே மிஸ்? இந்தாங்க, இவளச் சோதிச்சுப் பாருங்க. இவள நான் ஒரு நாளும் நல்ல தண்ணிக்கு மாத்தினதில்ல.”