முதுகில் ஓர் ஓட்டை

அந்த அம்மாள் விற்கக் கொண்டுவந்த பழைய ராணுவச் சட்டையைப் பழம்பொருள் கடைக்காரர் நீல விளக்கின் கீழே பிடித்தார். புது நூலாக இருந்தால் மின்னும். மின்னவில்லை. பித்தளைப் பொத்தான்களின் பின்புற முத்திரையும் சரியாக இருந்தது.

“அசல்தாம்மா. ஆனா குண்டு முதுகுல பாய்ஞ்சிருக்கே. புறமுதுகு காட்டி ஓடினவர் சட்டையை எவன் வாங்குவான்?” குரலைத் தாழ்த்தினார். “இதை அடைச்சுட்டு நெஞ்சுல ஒரு ஓட்டை போட்டா நல்ல விலைக்குப் போயிடும்.”

அம்மாள் சட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“ஓடினார்னு உங்களுக்கு யார் சொன்னா? வெறுங்கையோட நின்ன ஜனங்களைச் சுடச் சொன்னாங்க. மாட்டேன்னு துப்பாக்கியைக் கீழே போட்டுட்டு, அந்த ஜனங்க பக்கமா நடந்தார். பின்னாலேருந்து சுட்டது அவரோட மேலதிகாரி. குண்டு பட்டு ஜனங்க மேலேயே விழுந்தார். வித்தா இந்த ஓட்டையோடதான் விப்பேன். இல்லேன்னா என் வீட்டுலயே கிடக்கட்டும்.”

கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. “மன்னிச்சுக்குங்கம்மா. உங்க அப்பான்னு தெரியாமப் பேசிட்டேன்.”

“அப்பா இல்லை. அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.” அம்மாள் சட்டையை, ஓட்டை மேலே தெரியும்படி மடித்தார். “அந்தக் கூட்டத்துல முன்னாடி நின்னது எங்கம்மா.”