சர்க்கரை டப்பாவில் எறும்பு

முதல் மடக்கிலேயே டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டீயில் உப்பு! சிட்டிகை கிட்டிகை இல்லை, தாராளமாக இரண்டு கரண்டி.

"ஐயையோ, நான்தான்டி... கை தவறிப்போச்சு" என்று அம்மா அவசர அவசரமாகச் சொன்னாள். சொன்னவளின் பத்து விரலிலும் பச்சைப் பெயிண்ட் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. சமையலறை வாசலில் நின்ற அப்பா, மகள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

மகள் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். போன லீவில் வந்தபோதுதான் அந்த வீட்டு டப்பா ஒவ்வொன்றிலும் உப்பு, சர்க்கரை, மிளகு என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். தெருவில் நின்றே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. அதையும் மீறி டீக்குள் உப்பு போயிருக்கிறது என்றால்?

"உங்கம்மாவுக்கு அறுபது வயசுல படம் வரையிற பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று அப்பா போனில் சொன்னபோது, "வரையட்டுமேப்பா, பாவம்" என்று சிரித்தவள்தான். இப்போது நேரில் பார்க்கையில் சிரிப்பு வரவில்லை. மேசை முழுக்க பிரஷும் பெயிண்ட்டும் கிடந்தன. அவள் ஒட்டிய எழுத்தையெல்லாம் மறைத்து, டப்பாவுக்கு டப்பா அம்மா படம் போட்டு வைத்திருந்தாள். மாத்திரை டப்பா ஒன்றில் சூரியன், இன்னொன்றில் நிலா.

"என்னம்மா இது, என் கிளாஸ் ரூம்லகூட இவ்வளவு படம் இல்லையே!"

"நல்லா வந்திருக்கா? முதல்ல போட்ட மிளகாய் வெண்டைக்காய் மாதிரி இருந்துச்சு. உங்கப்பா ஒரு வாரம் சிரிச்சார்."

சொல்லிக்கொண்டே அம்மா சர்க்கரை டப்பாவை இழுத்தாள். அதில் வெள்ளையாக ஒரு குவியல். உப்பு டப்பாவிலும் அதே வெள்ளைக் குவியல். "ரெண்டையும் ஒரே மாதிரி போட்டா யாருக்குத்தான் விளங்கும்? தப்பு என்மேலதான்" என்று முனகியபடி பிரஷைக் கறுப்பில் தோய்த்து, சர்க்கரையை நோக்கி நாலு எறும்பு வரைந்தாள்.

"உப்புக்கு எறும்பு வருமா? இது என் புத்திக்கு முன்னாடியே எட்டலை பாரேன்."

எறும்பைப் பார்த்ததும் அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்படிப் போடு! இரு டீச்சரம்மா, வேற டீ போட்டுட்டு வரேன்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

டீச்சர் அவர் போன பக்கமே பார்த்தாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் சமையலறை கட்டிக் கொடுத்த கொத்தனார், தன் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கக்கூட நுழையாத மனுஷர். காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "கண்ணாடியைக் காணோம், நீயே படி" என்று அம்மாவைப் படிக்கவிட்டுக் கால்மேல் கால் போட்டுக் கேட்கிற சொகுசுக்காரர். அவர் டீ போடப் போகிறார் என்றால், அம்மாவால் இனி முடியாது என்றுதானே அர்த்தம்?

அப்போதுதான் போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட வட்ட முகம், கன்னத்தில் மச்சம், கீழே, போனில் அமுக்கினால் அவளுக்குப் போகிற 2 என்ற எண். அவளேதான். பெற்ற மகளின் முகத்தைக்கூட வரைந்து வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா? கடவுளே, இந்தக் கதி என் அம்மாவுக்கா?

"அம்மா, நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். "மறதிக்கெல்லாம் இப்ப மருந்து வந்தாச்சும்மா. ஆரம்பத்துலயே பாத்துட்டா..."

"மறதியா? எனக்கா?" அம்மா சிரித்தாள். "மூணாங்கிளாஸ்ல ரப்பரைத் தொலைச்சுட்டு வந்து காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு நீ அளந்தியே, அதுகூட எனக்கு மறக்கலை."

"விளையாடாதம்மா!"

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. சிரிப்பு இல்லாத முகம் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர்கிட்ட போன மாசமே போயாச்சு. திரும்பி வர்ற வழியிலதான் இந்தப் பெயிண்ட்டை வாங்கினேன்." மேசையில் கிடந்த பேப்பருக்கு அடியிலிருந்து ஒரு பைலை உருவி மகள் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் படித்தாள். மறதி என்ற வார்த்தையே அதில் இல்லை. வயிற்றில் கட்டி, இனி வைத்தியத்துக்கு வழியில்லை என்று இருந்தது. கடைசித் தாளில் யாருக்கும் புரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு.

எழுத்தெல்லாம் கலங்கிக்கொண்டு போனது. பைலை மூடினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்ல வாய் வரலைடி."

"நீ சொல்லணுமா என்ன? ஒரு மாசமா பைல் மேசைமேலேயேதான கிடக்கு! தினமும் இதுமேலதான் பேப்பரை விரிக்கிறார். ஒரு தடவைகூடவா இதைப் பிரிச்சுப் படிச்சிருக்க மாட்டார்?"

உள்ளே டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சை விரல்களால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுடி."