எனக்கே பரீட்சையா?

ஓர் எலக்ட்ரீஷியனிடம் ஒரு டெஸ்டரும் ஒரு கட்டிங் பிளேயரும் இருந்தன. அவர் டெஸ்டரை வைத்தே ஆணி நெம்புவார், பெயின்ட் டப்பாவும் திறப்பார். ஒருநாள் அதன் உள்ளே இருந்த, கரண்டு பட்டால் எரியும் குட்டி பல்பு உடைந்துபோனது. டெஸ்டர் அதை வெளியே சொல்லவில்லை.

மறுநாள் ஒரு வீட்டில் பழைய ஒயரை வெட்ட வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை.

"கரண்டு இல்லை. வெட்டு" என்றது டெஸ்டர்.

"அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதோ ஃபேன் ஓடுகிற பிளக்கில் முதலில் உங்களை வைத்துப் பார்க்கட்டும். அங்கே எரிந்தால் நம்புகிறேன். போகப்போவது என் பல்" என்றது பிளேயர்.

"துருப்பிடித்த பயலே, எனக்கே பரீட்சையா? நான் பார்க்காத வீடா?"

எலக்ட்ரீஷியனுக்கும் அவசரம். பிளக் பக்கமே போகாமல் வெட்டினார். டமார் என்று வெடித்தது. கைப்பிடி ரப்பர் அவரைக் காப்பாற்றியது. பிளேயரின் பல் மட்டும் உருகி ஓட்டையாகிவிட்டது.

"பல்பு போனது உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியும். சொன்னால் என்னைத் தூக்கிப் போட்டிருப்பார்."

எலக்ட்ரீஷியன் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மட்டமான சாமான்" என்று சாக்கடையில் வீசினார்.

சாயங்காலமே புது பிளேயர் வந்தது. டெஸ்டர் அதை அன்பாகப் பார்த்தது.

"கரண்டு இல்லை தம்பி. தைரியமாக வெட்டு."