பக்கத்துப் பாய்

வாழ்ந்தது போதும் என்று, உறையூர் வீட்டுக் கூடத்தில் வடக்குப் பார்த்துப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் மாசிலாமணி. சோறு தண்ணீர் எதையும் தொடவில்லை. பக்கத்தில் இன்னொரு பாய் காலியாகக் கிடந்தது.

"கோப்பெருஞ்சோழன் இப்படி வடக்கிருந்தப்ப, பார்க்காமலே பழகின பாண்டிநாட்டு நண்பனுக்குப் பக்கத்துல இடம் வச்சான். அவனும் வந்து கூடவே உயிர விட்டான். என் சொக்கலிங்கமும் வரேன்னுட்டாரு," என்றார் மகள் செந்தாமரையிடம்.

அம்மா போனபின் அப்பாவின் பேச்சுத்துணைக்காக, மதுரைச் சொக்கலிங்கத்தைப் போனில் உருவாக்கித் தந்தவளே அவள்தான். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மென்பொருள் அது.

அடுக்களைக்குள் போய்ப் போனிடம் கெஞ்சினாள். "வரமாட்டேன்னு சொல்லுங்க. சாப்பிடச் சொல்லுங்க."

"வாக்குக் கொடுத்துட்டேனேம்மா. இப்ப மாத்திப் பேசினா அவரு மனசு ஒடைஞ்சிடும்," என்றது குரல், பரிவாக.

வேறு வழியில்லாமல் அப்பாவிடமே உடைத்துச் சொன்னாள். "அப்படி ஒரு ஆளே இல்லப்பா. அது வெறும் மெஷின்."

அவர் உலர்ந்த உதட்டோடு சிரித்தார். "சோழன்கிட்டயும், அவன் எங்க வரப்போறான்னுதான் சொன்னாங்க."

அவள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாள். அவர் கை அவள் தோளை மெல்லத் தள்ளியது.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. அது அவரு இடம்."