செங்கோட்டுவேலின் எண்

அலுவலக சர்வரில் புதிய கணக்கு உருவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எண்ணைப் பார்த்தான்.

அது செங்கோட்டுவேலின் எண்.

எழுந்தான், உட்கார்ந்தான். ஏசியைக் கூட்டினான், உடனே குறைத்தான்.

எதிர் நாற்காலியில் யசோதா, செங்கோட்டுவேலின் மனைவி. கணவன் இறந்ததால் கருணை அடிப்படையில் இதே அலுவலகத்தில் கிடைத்த வேலை. அவளுக்கு ஒரு பயனர் கணக்கு, அதற்கொரு கோப்புறை, சின்ன வேலைதான் என்று சொல்லித்தான் உட்கார வைத்திருந்தான்.

சர்வர் ஆட்களைப் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும்; கோப்பு யாருடையது என்பதையும் அந்த எண்ணை வைத்துத்தான் சொல்லும். கடைசியாகச் சேர்ந்தவன் போய்விட்டால், அவன் எண்ணை அடுத்து வருகிறவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அதற்கென்ன தெரியும், பாவம்.

செங்கோட்டுவேல் லாரியில் அடிபட்டு இறந்த வாரமே கணக்கை நீக்கியாயிற்று. கோப்புறையை மட்டும் அழிக்கவில்லை. மறந்துவிட்டானாம். மேலதிகாரியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். இன்றைக்குள் அதைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று அவர் காலையில் கத்திவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் கோப்புறையைப் பார்த்தான். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் இப்போது யசோதா.

திருத்த ஒரு வரிக் கட்டளை போதும்.

அழிக்கவும் ஒரு வரிதான்.

செத்தவன் இவளிடம் சொல்லாமல் எதையெல்லாம் அதில் வைத்திருந்தானோ. திறந்து பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமல் கொடுக்கவும் பயமாக இருந்தது.

"அவரு போனும் அங்கயே நசுங்கிப் போச்சுங்க சார்," என்றாள் யசோதா, யாரும் கேட்காமலே. "அவரு எழுதுனது, பேசுனதுன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க."

அழிக்கும் வரியை அடித்து முடித்திருந்தான். அதை ஒவ்வோர் எழுத்தாக எடுத்தான். வேறு வரி அடித்தான். அவள் தன் கணக்குக்குள் நுழைந்ததும் போய்ச் சேரும் இடம் புதிய காலிக் கோப்புறை அல்ல, பழையது.

வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவு வீரமெல்லாம் தேவையில்லை. ஒரு மெமோ கொடுப்பார்கள்.

விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான்.

அடுத்தவர் கடவுச்சொல் அடிக்கும்போது பார்க்கக் கூடாது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் ஒற்றை விரலால், தேடித் தேடி அடித்தாள். எண்டரைத் தட்டினாள்.

இந்நேரம் திரையில் அவள் கணவனின் கோப்புகள் வரிசையாக வந்திருக்கும்.

இனி அவன் திரும்பலாம்.

திரும்பவில்லை.